கோலமாவில் விழுந்த தடம்: மாவுக் கடையில் பூச்சி ஒழித்த எட்டு மாதம்

நேற்று ராத்திரி கடை சாத்திய பிறகு எட்டுப் பசை அட்டைகளையும் எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கரப்பான் இல்லை. நோட்டில் தேதி போட்டு எட்டுப் பூஜ்யம் எழுதினேன். தொடர்ந்து நான்காவது வாரம் இது. டிசம்பர் முதல் வாரத்தில் இதே எட்டு இடத்தில் 212 எண்ணியிருந்தேன். எங்கெங்கே தப்பு செய்தேன், எது வேலை செய்தது, எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடை கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில். இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சாயங்காலம் எலக்ட்ரிக் ட்ரெயின் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் தாம்பரம், கிண்டி என்று வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தோளில் பையோடு வந்து நிற்பார்கள். ஆளுக்கு ஒரு கிலோ பாக்கெட். ஒரு நாளைக்கு 20 கிலோ அரிசி, 5 கிலோ உளுந்து அரைக்கிறேன். வீட்டு முன்னறைதான் கடை, 10க்கு 14 அடி. அதற்குள் இரண்டு டில்டிங் கிரைண்டர், ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ், ஒரு சிங்க், அரிசி டிரம். மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம்: நான், அவர், அத்தை, நான்கு வயதுப் பையன். கடையின் வலதுபக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிபன் கடை.

2024 அக்டோபர் மழையில்தான் முதலில் கண்ணில் பட்டது. விடிகாலை நாலரைக்கு லைட்டைப் போட்டால் கிரைண்டர் காலடியில் பழுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சிகள் சிதறி ஓடின. சாக்கடையில் வருகிற பெரிய கரப்பானின் குஞ்சுகள் என்று நினைத்தேன். என் முதல் தப்பு அதுதான், ஒரு மாதத்தைத் தின்றுவிட்டது. குஞ்சு என்றால் தாய் சாக்கடையில் இருக்கும் என்று வடிகால் ஓட்டையிலேயே பிளீச்சிங் பவுடரும் பினாயிலுமாகக் கொட்டினேன். ஒருநாள் நான் பிளீச்சிங் போட்டது தெரியாமல் அவர் அதே ஓட்டையில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிந்து, இருமல் பிடித்து, எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

சின்னக் கரப்பான் வேறு ஜாதி. வளர்ந்ததே ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகில் இரண்டு கறுப்புக் கோடு ஓடும். சாக்கடைக் கரப்பான் செம்பழுப்பாக நாலு சென்டிமீட்டர் வரை வளரும், சாக்கடையில்தான் அதற்கு வாசம். சின்னதோ நம் வீட்டுச் சாமானுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். அவர் ஒருநாள் ட்ரெயினில் படித்துவிட்டு வந்து சொன்னார்: 1767இல் லின்னேயஸ் வைத்த பெயராம், ஆனால் 2024இல் வந்த மரபணு ஆய்வு இதன் பூர்வீகம் நம் பக்கம்தான், இந்தியாவோ மியான்மரோ, ஏறக்குறைய 2,100 வருஷத்துக்கு முன்னால் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்கிறதாம். கேட்டதும் எனக்கு ஒரு கலக்கம். அத்தனை காலமாக மனிதன் கூடவே இருந்து பழகியதை நான் இரண்டு டப்பா ஸ்ப்ரேயில் விரட்டப் பார்த்திருக்கிறேன்.

ஆமாம், அடுத்த தப்பு ஸ்ப்ரே. டப்பா 240 ரூபாய், இரண்டு வாங்கினேன். மாவுப் பாத்திரம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, கடையை இரண்டு நாள் மூடி, மூலை மூலையாக அடித்தேன். மறுநாள் கூட்டிப் பெருக்கும்போது ஒரு முறம் செத்துக் கிடந்தது, சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் அத்தை மாடியிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, கீழே இருந்ததெல்லாம் இங்க குடி வந்துடுச்சு, வந்து பாரு." மாடி அடுப்படி அலமாரியில் அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை. மருந்து நெடிக்குத் தப்பியவை சுவர் வழியாக மேலே ஏறிவிட்டன. எறும்புச் சாக்பீஸ் 40 ரூபாய்க்கு வாங்கி வாசற்படியில் கோடு போட்டோம். கோட்டைத் தாண்டித்தான் போயின.

மருந்தடிக்கிற ஆட்களைக் கூப்பிடலாம் என்று அவர் நம்பர் வாங்கி வைத்திருந்தார். அதற்குள் நவம்பர் நடுவில் குன்றத்தூரில் அந்தக் கொடுமை நடந்தது. வீட்டுக்குள் எலி மருந்து வைத்திருந்த ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத ஊர். என் பையன் அன்றைக்கு என் மடியில்தான் தூங்கினான். நெடி கிளம்புகிற எதையும் இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவரக் கூடாது, எவ்வளவு நாளானாலும் சரி என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

எண்ணிப் பார்க்கிற யோசனையை ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கொடுத்தார். பசை அட்டை பத்து 150 ரூபாய். "இதை வச்சா கரப்பான் ஒழியாதும்மா, எங்க இருக்குன்னு காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்" என்றார். எட்டு அட்டைக்கு எட்டு நம்பர் போட்டு, கடையின் படம் ஒன்றை நோட்டில் வரைந்து, எந்த நம்பர் எங்கே என்று குறித்தேன். அரிசி மாவு தூசி படிந்தால் பசை போய்விடுகிறது. அதனால் அட்டையைக் கூடாரம் மாதிரி மடித்து, சுவரும் தரையும் சேருகிற ஓரத்தில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். நடுத்தரையில் வைத்த அட்டை ஒரு வாரம் சும்மா கிடந்தது. ஓரத்துக்கு நகர்த்தியதும் ஒரே ராத்திரியில் 11.

முதல் வாரக் கணக்கு 212. அதில் மூன்றாம் நம்பர் மட்டும் 94. அது பழைய கிரைண்டரின் பின்பக்கம். வடிகால் பக்கத்து அட்டையில் நாலே நாலு. ஒரு மாதமாக நான் போரிட்ட இடத்தில் எதிரியே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கிரைண்டரின் பெல்ட் கவரைக் கழற்றினோம். நாலு போல்ட், 10 நம்பர் ஸ்பேனர். கடைசி போல்ட் லூசானதுமே இடுக்கிலிருந்து மீசைகள் ஆடின. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மோட்டாரைச் சுற்றி, கப்பிக்குப் பின்னால், வயர் போகிற குழாயில், ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியிருந்தன. கல் சுற்றும்போது தெறிக்கிற மாவு இரண்டு வருஷமாக உள்ளே வடிந்து, காய்ந்து, ஒரு விரல் கனத்துக்குப் பாறை மாதிரி படிந்திருந்தது. மோட்டார் சூடு, மாவு, ஈரம், இருட்டு, அதோடு ஐந்து மில்லிமீட்டர் இடுக்கு. அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? மேலே பார்த்தால் அந்தக் கிரைண்டர் பளபளவென்றிருக்கும். தினமும் கல்லையும் டிரம்மையும் நான்தான் தேய்த்துக் கழுவுகிறேன். மேலே மட்டும்தான் கழுவியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கடை மாவை நம்பி வாங்குகிறவர்களை நினைத்து மனசு கனத்துப்போனது.

உள்ளே தண்ணீர் விட முடியாது. தெரிந்தவர் வீட்டு வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கி, குழாய்க்குள் ஒரு பழைய நைலான் சாக்ஸைச் செருகி, வாயில் ரப்பர் பேண்ட் போட்டு உறிஞ்சினோம். சாக்ஸ் நிறைந்ததும் முடிச்சுப் போட்டு, பிளாஸ்டிக் கவர் இரண்டு சுற்றி, எங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துக் குப்பையில் போட்டேன். காய்ந்த மாவைப் பட்டி வைக்கிற தகட்டால் சுரண்டினோம். இரண்டு கிரைண்டருக்கும் ஐந்து மணி நேரம் ஆனது. அடுத்த வாரக் கணக்கு 118.

மருந்தே போடாமல் கிட்டத்தட்ட பாதி குறைந்துவிட்டது. அந்தத் தெம்பில் மறுபடி அவசரப்பட்டேன். கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரை 90 ரூபாய்க்கு வாங்கி, எங்கும் தூவினேன். அது உலர்ந்து, மெல்லிய படலமாக இருந்தால்தான் கரப்பானின் காலில் ஒட்டும். காலை நக்கும்போது வயிற்றுக்குள் போய்க் கொல்லும். நான் தூவியதோ நாள் முழுக்கத் தண்ணீர் புழங்குகிற தரையில், அதுவும் மாவு தெளித்த மாதிரி கனமாக. இரண்டே நாளில் கட்டியாகிவிட்டது. கட்டியாகாத இடத்தில் குவியலைச் சுற்றிக்கொண்டு போயின. அந்த வாரம் 131. எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். பையன் கைபடுகிற உயரத்தில் அதை வைத்ததே தப்பு. பிறகு ஒரு தேக்கரண்டி மட்டும், கூர்மூக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, ஃப்ரிட்ஜ் மோட்டார் கூட்டுக்குப் பின்னால் உலர்ந்த இடத்தில் ஊதிவிட்டேன். அந்த இடத்துக்கு அது இன்றும் உதவுகிறது.

பிறகுதான் ஜெல். சிரிஞ்சில் வருகிறது, 320 ரூபாய். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும். முதல் தடவை அதையும் தப்பாக வைத்தேன். பட்டாணி அளவு உருண்டையாக ஏழெட்டு இடத்தில், ஸ்ப்ரே அடித்திருந்த அதே மூலைகளில். ஒன்றையும் தொடவில்லை, காய்ந்து சருகானது. அந்த வாரம் 109. ஸ்ப்ரே மருந்தின் எச்சம் இருக்கிற இடத்தில் கரப்பான் தின்ன வராது. அதோடு, பக்கத்திலேயே மாவுச் சொட்டு கிடந்தால் ஜெல்லைத் தேடி ஏன் வரப்போகிறது?

ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் முறையாகச் செய்தேன். முதல் மூன்று ராத்திரி மூலைகளைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஸ்ப்ரே எச்சத்தைப் போக்கினேன். கடை சாத்தும்போது தரையில், மேஜையடியில், கிரைண்டர் காலில் ஒரு சொட்டு மாவு இல்லாமல் துடைத்து, சிங்க்கையும் உலர்த்தினேன். நாலாம் ராத்திரி பத்தரைக்கு மேல், அரிசி மணி அளவு மட்டும், மொத்தம் 62 புள்ளி வைத்தேன். எல்லாம் இடுக்குக்குள்: மேஜைக்கால் வளையத்தில், ஃப்ரிட்ஜின் அடித்தகட்டில், அலமாரிக் கீலில், கிரைண்டர் ஸ்டாண்டின் உட்பக்கம். மாவு படுகிற எந்தப் பரப்பிலும் வைக்கவில்லை. எண்ணிக்கை அதிகமான அட்டைக்குப் பக்கத்தில் அதிகப் புள்ளி. 350 ரூபாய்க்கு வாங்கிய தலையில் மாட்டுகிற டார்ச் இந்த வேலைக்குப் பெரிய உதவி, இரண்டு கையும் காலியாக இருக்கும். மறுநாள் பார்த்தால் 62இல் 40 புள்ளி நக்கித் தீர்க்கப்பட்டிருந்தது. தின்றது கூட்டுக்குள் போய்ச் சாகிறது. அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்கிற மற்றவையும் சாகின்றன. அந்த வாரம் 64, அடுத்தது 31, அடுத்தது 17.

பிப்ரவரி கடைசியில் திடீரென்று 38. பயந்துவிட்டேன். அட்டையை உற்றுப் பார்த்தால் அத்தனையும் எள்ளளவு குஞ்சுகள். பெண் கரப்பான் முட்டைப் பையைப் பொரிக்கிற வரைக்கும் வயிற்றோடு சுமந்துகொண்டே திரியும், ஒரு பையில் முப்பது நாற்பது முட்டை. முதல் ஜெல்லுக்கு முன்னால் உருவானவை இப்போது வெளியே வந்திருந்தன. இரண்டாம் சுற்று ஜெல் வைத்தேன், 12க்கு இறங்கியது. மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாம் சுற்று வைத்தே ஆக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பயம் மிச்சம்.

அதற்குப் பிறகு நகரவில்லை. மார்ச் முழுக்க, ஏப்ரல் பாதி வரை ஒன்பது, பத்து, ஒன்பது. சில கரப்பான் கூட்டங்கள் இனிப்பு கலந்த மருந்தையே வெறுக்கப் பழகிவிடும் என்று 1990களிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அறிந்து, இமிடாகுளோபிரிட் 2.15 சதவீத ஜெல்லுக்கு மாறினேன். ஏழுக்கு இறங்கியது, அவ்வளவுதான். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆறு வாரமாக விழுந்ததெல்லாம் ஐந்தாம், ஏழாம் நம்பர் அட்டைகளில் மட்டும். ஐந்து ஃப்ரிட்ஜ் பக்கம். அதன் கதவு ரப்பர் கீழ்மூலையில் கிழிந்து, மடிப்புக்குள் குடியிருப்பு. 650 ரூபாய்க்கு ரப்பரை மாற்றினோம், ஐந்தாம் நம்பர் அடங்கியது. ஏழாம் நம்பர் வலதுபக்கச் சுவரில், சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே.

எலக்ட்ரீஷியன் தம்பி போர்டைத் திறந்தபோது பெட்டிக்குள்ளிருந்து மூன்று ஓடின. அந்த மின்குழாய் சுவரைத் துளைத்து டிபன் கடைப் பக்கம் போகிறது. ஒரே சொந்தக்காரர் கட்டிய காலத்தில் இரண்டு கடைக்கும் ஒரே லைன் இருந்திருக்கிறது. இப்போது வயர் இல்லாத வெறும் குழாய், கரப்பான்களுக்கு ராஜபாட்டை. மெயினை அணைத்துவிட்டுக் குழாயின் வாயைச் சிலிக்கானால் அடைத்தார். ஆனாலும் அந்தப் பக்கம் கூடு இருக்கிற வரை வேறு வழி தேடி வரத்தான் செய்யும்.

டிபன் கடை அண்ணனிடம் போய்ச் சொல்ல மூன்று நாள் யோசித்தேன். "உங்கள் கடையில் பூச்சி" என்று வியாபாரம் செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் என் நோட்டையும் ஒரு சிரிஞ்சு ஜெல்லையும் எடுத்துக்கொண்டு, அவர் கடை சாத்துகிற நேரத்தில் போனேன். "அண்ணே, என் கடையில 212 இருந்துச்சு, இப்ப ஏழு. உங்க பக்கமும் ஒரு தடவை வச்சுக் கொடுக்கட்டுமா?" என்றேன். நோட்டைக் கொஞ்ச நேரம் புரட்டினார். "வாம்மா, நானும் ஸ்ப்ரே அடிச்சு அடிச்சு அலுத்துட்டேன்" என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். அவரும் நானுமாக ராத்திரி பன்னிரண்டு வரை அடுப்பு மேடையின் அடியிலும் கேஸ் ஸ்டாண்டிலும் 80 புள்ளி வைத்தோம். இரண்டு வாரத்தில் ஏழாம் நம்பர் அட்டை மூன்றுக்கு வந்தது, பிறகு ஒன்று. மே நடுவிலிருந்து பூஜ்யம். இந்த எட்டு மாதத்தில் நான் செய்த சரியான வேலை எதுவென்று கேட்டால் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

எலி விவகாரம் ஜனவரியில் குறுக்கே வந்தது. உளுந்து மூட்டையின் மூலை கிழிந்து, பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான புழுக்கை. சுண்டெலியாக இருந்தால் அதில் பாதிகூட இருக்காது. புழுக்கையை உலர்வாகப் பெருக்காமல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கையுறை போட்டுத் துடைத்தேன். எலிக் காய்ச்சல் அதன் மூத்திரத்தில் பரவுகிறது.

பொறியில் மசால் வடை வைத்து இரண்டு நாளில் இரண்டு பிடித்தோம். அவர் அவற்றை நந்திவரம் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார். அங்கேயும் வீடுகள் இருக்கின்றன, அதைச் செய்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எதுவும் பொறிக்குள் போகவில்லை, மூட்டை மட்டும் கிழிந்துகொண்டே இருந்தது.

அப்போது அத்தை ஒரு வழி சொன்னார். "வாசலுக்குப் போடற கோலமாவ உள்ள தூவி வை. எங்கேருந்து வருதுன்னு அதுவே எழுதிட்டுப் போவும்." அவர் பிறந்த ஊரில் நெல் குதிருக்குச் சுற்றிலும் சாம்பல் தூவி வைப்பார்களாம். கல்மாவுதான், அரிசி மாவு இல்லை, அதனால் எலி தின்னாது. கடை சாத்தும்போது ஆறு இடத்தில் ஓரடிச் சதுரமாக, பாத்திரம் துலக்கும் தூளைச் சலிக்கிற மாதிரி மெல்லிசாகச் சலித்தேன். காலையில் நாலு சதுரம் அப்படியே இருந்தது. சிங்க் அடியில் ஒன்றிலும் ஷட்டரின் இடது மூலையில் ஒன்றிலும் குட்டிக் குட்டிக் கால்தடம், நடுவில் வால் இழுபட்ட கோடு. சிங்க் அடியில் தடம் சுவரை நோக்கிப் போய் அங்கேயே மறைந்திருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பலகையை எடுத்தோம். கழுவுகிற தண்ணீர் வெளியே போகிற இரண்டரை இஞ்ச் பைப்புக்கு நாலு இஞ்ச் ஓட்டை போட்டு, சுற்றிலும் பூசாமலே விட்டிருந்தார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டையே எலிக்குப் போதும். சுண்டெலிக்குப் பென்சில் பருமன் போதும். இங்கே கையே நுழைந்தது. முதலில் துணியும் தெர்மாகோலும் அடைத்தேன். மூன்றாம் ராத்திரி துகள் துகளாகக் கிடந்தது. 450 ரூபாய்க்கு ஃபோம் டப்பா வாங்கி அடித்தேன். பார்க்க அழகாக உப்பி, இறுகி நின்றது. ஒரு வாரத்தில் அதன் நடுவில் வட்டமாகக் குடைந்துவிட்டது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, பல்லு போகாத சாமான் வைக்கணும்" என்றார். கால் இஞ்ச் கண் உள்ள கம்பி வலையை, ஆறு சதுர அடி 150 ரூபாய்க்கு வாங்கி, பைப்பைச் சுற்றிக் காலர் மாதிரி வெட்டி ஆணியடித்து, உடைத்த கண்ணாடி கலந்த சிமென்ட் கலவையைப் பூசினார். வலை நீங்கலாகப் பொருளும் கூலியும் 600. ஐந்து மாதமாகிறது, ஒரு கீறல் இல்லை. ஷட்டரின் கீழ் இடைவெளி தரைச் சரிவினால் இடது மூலையில் ஒன்றரை இஞ்ச். அங்கே 380 ரூபாய்க்குப் பிரஷ் பட்டை அடித்தோம்.

அடைத்த வரிசையில் ஒரு தப்பு. உள்ளே எதுவும் இல்லை என்று கோலமாவில் உறுதி செய்துகொள்ளாமலே பூசிவிட்டோம். ஒன்று பரண் மேல் மாட்டிக்கொண்டு, இரண்டு நாளில் ஃப்ரிட்ஜ் வயரைக் கடித்தது. அதைப் பிடிக்க அடிக்கிற பொறியை உபயோகித்தோம். சுவரை ஒட்டி, முதல் இரண்டு ராத்திரி விசையை ஏற்றாமல் சுட்ட தேங்காய்ச் சில்லு மட்டும் வைத்துத் தின்னவிட்டு, மூன்றாம் ராத்திரி விசை ஏற்றினோம். அன்றே விழுந்தது. பழக்கிவிட்டுப் பிடிக்கிற இந்த முறையை முதலிலேயே செய்திருந்தால் கூண்டைப் பார்த்து மற்றவை மிரண்டிருக்காது. இன்றும் மாதத்தில் ஒரு ராத்திரி அந்த ஆறு சதுரமும் சலித்து வைக்கிறேன்.

சிங்க்குக்கு மேலே சுவரில் உட்காருகிற குட்டி ஈக்கள், பார்க்க அந்துப்பூச்சி மாதிரி ரோமத்தோடு இருக்கும், அவை சின்ன வேலையாக முடிந்தன. எந்த ஓட்டையிலிருந்து வருகின்றன என்று தெரிய, ஒவ்வொரு வடிகால் வாயிலும் செல்லோடேப்பைப் பசைப்பக்கம் கீழே இருக்கும்படி, காற்று போக இடம் விட்டுக் குறுக்கே ஒட்டினேன். காலையில் சிங்க்கில் ஒன்றுமில்லை, தரை வடிகாலில் 14. குழாயின் உட்சுவரில் மாவுக் கஞ்சி வழவழவென்று படிந்து, அதற்குள்தான் புழு வளர்கிறது. பிளீச்சிங் ஊற்றினால் மேலாக வழிந்து போய்விடும். மூன்றடிக் கம்பியில் பாட்டில் பிரஷ்ஷைக் கட்டி, வெந்நீர் ஊற்றி ஒரு வாரம் தினமும் தேய்த்தேன். பிளம்பர் தம்பி திறந்து பார்த்தபோது, தரை வடிகாலில் பொருத்துகிற நாணி டிராப்பின் உள்கிண்ணமே இல்லை. அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் கரப்பானும் நாற்றமும் மேலே வராது. டிராப் 180, கூலி 400. ஈ, பெரிய கரப்பான் இரண்டும் அதோடு நின்றன.

உளுந்து வண்டுக்கு அவருடைய நண்பர் கோவையிலிருந்து ஒரு பொறி வாங்கி வந்து கொடுத்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்தது. உடம்பெல்லாம் இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்ட குழாய், அடியில் ஒரு கூம்பு. டிரம்மில் உளுந்துக்குள் செருகி வைத்தால், காற்றோட்டத்தைத் தேடி நகர்கிற வண்டு ஓட்டைக்குள் நுழைந்து கூம்பில் விழும், திரும்ப ஏற முடியாது. அரிசி வண்டு மணிக்குள்ளே முட்டை வைப்பதால் வெளியே தெரியாது. உளுந்தில் வெள்ளைப் புள்ளியாக மேலேயே ஒட்டியிருக்கும், வாங்கும்போதே கண்ணில் படும். கூம்பில் ஒரு வாரத்தில் ஐந்துக்கு மேல் விழுந்தால் அந்த உளுந்தை மொட்டை மாடியில் தார்ப்பாயில் பரப்பி இரண்டு வெயில் காட்டுகிறேன். ஏப்ரல், மே வெயிலுக்கு அது போதும்.

செலவு மொத்தம் 9,480 ரூபாய், வண்டுப் பொறி நீங்கலாக. ஜெல் நாலு சிரிஞ்சு 1,280. பசை அட்டை 27 வாரத்துக்கு 216, 3,240 ரூபாய், அதுதான் பெரிய தொகை. ஸ்ப்ரே, சாக்பீஸ், ஃபோம் மூன்றும் சேர்ந்து 970 முழுக்க வீண். சிலிக்கான் இரண்டு டியூப் 440, அதை அழுத்துகிற துப்பாக்கி 150. பாக்கெட் கவர் வருகிற அட்டைப்பெட்டியின் மடிப்புக்குள் முட்டைப் பை ஒட்டி வந்ததை ஒருமுறை பார்த்தேன். அன்றிலிருந்து பெட்டியை வாசலிலேயே பிரித்து, 600 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டில் கொட்டித்தான் உள்ளே எடுக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து செய்வதென்றால், முதல் நாளே அட்டை வைத்துவிட்டு ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே மாட்டேன். கிரைண்டர் வாங்கியதிலிருந்தே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் கவரைக் கழற்றுவேன். பக்கத்துக் கடையில் ஜனவரியிலேயே பேசியிருப்பேன். மூன்று மாதமும் ஒரு சிரிஞ்சும் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அட்டையை எட்டிலிருந்து நாலாகக் குறைக்கிறேன்: மூன்று, ஐந்து, ஏழு, அதோடு வடிகால் பக்கத்து எட்டு. மழை தொடங்குவதற்கு முன் ஆகஸ்டில் ஒரு சுற்று ஜெல். டிபன் கடை அண்ணன் நேற்று வந்து தனக்கும் பத்து அட்டை வேண்டும் என்றார். நம்பர் போட்டு, கூடாரமாக மடித்துக் கொடுத்தேன். அவருக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.